எட்டு நாள் முதலாளி

பஸ்கா பண்டிகையின் இரண்டாம் நாள் காலையில் என் கணவருடைய புத்தகத்தை வாங்கி வரலாம் என்று யோம்தோவின் மளிகைக் கடைக்குப் போனேன். யோம்தோவ் என் கணவரின் அண்ணன் மகன். ஆறு வயதில் அப்பனை இழந்தவனை நாங்கள்தான் வளர்த்தோம். ஜெருசலேம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையைக்கூட என் கணவர் மெர்காடோதான் வைத்துக் கொடுத்தார். இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். நான் சொல்லிக்காட்டுகிற ஆள்.

அவன் உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தராசையே பார்க்க ஆரம்பித்தான்.

"பைண்டிங் பண்ணித் தரேன்னு ஆறு மாசம் முன்னாடி எடுத்துட்டுப் போனியே, அந்தப் புத்தகம். நாளன்னைக்கு சித்தப்பாவோட வருஷ திதி. குடு" என்றேன்.

"அதுவா? உள்ள இருக்கு சித்தி. பண்டிகை முடியட்டும்."

"உள்ளன்னா எங்க?"

மோவாயால் பின் அறையைக் காட்டினான். கதவில் பெரிய பூட்டு. பூட்டுக்கு மேலே காகிதம் ஒட்டியிருந்தது. 'விற்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே எங்கள் பேட்டை மதகுரு ஹாகாம் விதாலின் கையெழுத்து.

அந்தக் காகிதம் எதற்கு என்று எங்கள் பேட்டையில் குழந்தைக்கும் தெரியும். பஸ்கா நாட்களில் புளிக்கிற மாவுப் பண்டம் எதுவும் எங்களுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பதைத் தின்று தீர்க்கலாம், எரிக்கலாம். இருபது மூட்டை கோதுமை மாவும் மக்ரோனியும் பீரும் வைத்திருக்கிற மளிகைக்காரன் என்ன செய்வான்? எல்லாவற்றையும் ஓர் அறையில் பூட்டி, ஹாகாமிடம் எழுதிக் கொடுப்பான். ஹாகாம் பேட்டை முழுவதன் சரக்கையும் யூதர் அல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்றுவிடுவார். எட்டாவது நாள் இருட்டியதும் திருப்பி வாங்குவார். நடுவில் அந்த அறை நம்முடையது இல்லை. கை வைத்தால் திருட்டு.

"மாவு மூட்டையோட புத்தகத்தை எதுக்குடா வெச்ச?"

"அதுல சித்தப்பா தின்ன எள் பிஸ்கட் தூள் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கு. பண்டிகையில அதை எங்க வெச்சுக்கறது? பாவம் இல்லையா?"

"பிஸ்கட் தூளுக்குப் பயந்தவன் மாதிரி மூஞ்சி தெரியலையே."

வாங்க வந்தவளை அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மறைச்சு என்ன ஆகப்போகுது சித்தி. பண்டிகை முடிஞ்ச மறுநாள் ஒருத்தர் வெளிநாட்டுலேர்ந்து வர்றார். பழைய புத்தகம் வாங்கறவர். அந்தப் பதிப்பு உலகத்துல நாலோ அஞ்சோதான் இருக்காம். ஒரு பொட்டு மை புதுசா பட்டாக்கூட மதிப்பு போயிடும், ஜாக்கிரதையா வைன்னு கடுதாசி போட்டிருக்கார். அதான் பூட்டி வெச்சேன்."

"சித்தப்பா புத்தகத்தை விக்கப்போறியா?"

"என் பங்குக்கு வந்தது. ஹாகாம் முன்னாடிதானே பிரிச்சோம்?"

அது உண்மை. எங்கள் முறையில் விதவைக்கு வீடும் ஜீவனமும். புத்தகங்கள் ஆண் வாரிசுக்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிரிக்கும்போது நான் வாயைத் திறக்கவில்லை. யோம்தோவ் எங்கே போகப்போகிறான், புத்தகம் எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன். அந்த முட்டாள்தனத்துக்கு நான்தான் பொறுப்பு.

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் கடைசிப் பகுதிக்கு சலோனிக்கா ஊர் ஹாகாம் ஒருவர் எழுதிய உரை. இருநூறு வருடத்துக்கு முன்னால் அங்கேயே ஒரே ஒரு தடவை அச்சானது. பிறகு ஊரில் தீப்பிடித்து அச்சுக்கூடமும் போனது, விற்காமல் கிடந்த கட்டுகளும் போயின. எங்கள் வீட்டில் அந்த உரைகாரரின் பெயரை யாரும் சொன்னதில்லை. 'சலோனிக்காக்காரர்' என்றுதான் பேச்சு, ஏதோ மாடியில் குடியிருப்பவர் மாதிரி. முதல் தாளில் அதை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஏழு பெயர். ஏழாவது மெர்காடோ. நாற்பது பக்கத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு புழு போன ஓட்டையும் உண்டு. "புழுவே படிச்சு முடிச்சிடுச்சு, நான்தான் இன்னும் முடிக்கலை" என்று அவர் சிரிப்பார்.

மெர்காடோ சந்தையில் உலர்பழம் விற்றவர். மிஷ்னாவின் அந்தக் கடைசிப் பகுதி முழுக்கப் பழங்களின் காம்பு, தோல், கொட்டை பற்றிய சட்டம். காம்பு பழத்தோடு சேர்ந்ததா, சேராததா? தீட்டு பட்டால் காம்பிலிருந்து பழத்துக்குப் போகுமா? மற்றவர்களுக்கு இது வறட்டுப் பேச்சு. அவருக்கு அது சொந்தக் கடை. சலோனிக்காக்காரரும் பழம் தெரிந்த மனிதர். மாதுளை உச்சியின் கிரீடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

மெர்காடோவுக்குக் கண் போன பிறகு நான்தான் படித்துக் காட்டினேன். பெண்களுக்கு அந்தப் படிப்பு கிடையாது என்பார்கள். கண் தெரியாத புருஷனுக்கு வாசித்துக் காட்டக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அவர் கையில் ஒரு காய்ந்த அத்திப்பழத்தை வைப்பேன். நான் படிக்கப் படிக்க அவர் விரல் காம்பைத் தடவும். கடைசி அத்தியாயத்தில் பன்னிரண்டு பத்தி மிச்சம் இருந்தபோது, "நாளைக்கு வெச்சுக்கலாம் பலோம்பா. இந்தப் புத்தகத்துலயே முடிக்கணும்" என்றார். அத்திப்பழம் கோத்திருந்த நூலை அறுத்து அந்தப் பக்கத்தில் வைத்து மூடினேன். அந்த நாளை வரவில்லை.

வருஷ திதியன்று படிப்புக்கூடத்து ஆட்களைக் கூட்டி, நூல் வைத்த இடத்திலிருந்து அந்தப் பன்னிரண்டு பத்தியையும் படித்து முடித்து, அவருக்காகக் கதீஷ் என்கிற இறந்தவர் பிரார்த்தனையைச் சொல்ல வைக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டுதான் ஒரு வருடத்தை ஓட்டினேன். வேறு மிஷ்னாப் புத்தகம் கூடத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது. சலோனிக்காக்காரர் அவற்றில் இல்லை.

கடையிலிருந்து நேரே ஹாகாம் விதால் வீட்டுக்குப் போனேன். வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"உட்காரு பலோம்பா. முட்டை சாப்பிடு."

"முட்டை இருக்கட்டும் ஹாகாம். யோம்தோவ் எழுதிக் குடுத்த காகிதத்தை எடுங்க."

கட்டை அவிழ்த்துத் தேடி எடுத்தார். மற்றவர்கள் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார்கள்: இத்தனை மூட்டை மாவு, இத்தனை டப்பா பிஸ்கட், சமையலறை மேல் அலமாரி என்று. யோம்தோவ் ஒரே வரி எழுதியிருந்தான். 'பின் அறையும் அதற்குள் இருக்கும் எல்லாமும், சின்னது பெரியது ஒன்று விடாமல்.'

ஹாகாம் இரண்டு தடவை படித்தார். "சோம்பேறி" என்றார். "பேப்பரை நீட்டறப்பவே கேட்டேன், லிஸ்டு போட மாட்டியான்னு. எதாவது விட்டுப்போச்சுன்னா வம்பு, இப்படியே இருக்கட்டும்னான்."

"அப்போ புத்தகம்?"

"புத்தகமும் வித்தாச்சு. வேற யாரா இருந்தாலும் மாவு மட்டும்தான் வித்தது, புத்தகம் இல்லைன்னு வாதாடலாம். இவன் ஒன்று விடாமல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டானே."

"இன்னிக்கு அது யாரோடது?"

"ஹம்தானோடது. அவருக்குத்தான் எல்லாத்தையும் வித்திருக்கேன்."

"நான் போய் அந்தக் கதவை..."

"தொடாதே." அவர் குரல் உயரவில்லை, ஆனால் முட்டையைக் கீழே வைத்துவிட்டார். "நீ பூட்டை உடைச்சா அது திருட்டு மட்டும் இல்ல. இந்தப் பேட்டையில இருநூறு வீட்டு விற்பனையும் சும்மா வேஷம்னு நீயே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். வேணும்னா முதலாளிகிட்டப் போய்க் கேளு. அவர் எடுத்துக் குடுத்தா வாங்கிக்கலாம். முதல்ல தூளை நல்லா உதறச் சொல்லு."

"கேட்டா குடுப்பாரா?"

"தெரியாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். மேற்கு மலைப் பக்கம் அரபுக் கிராமம். ஹம்தான் அங்கே சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். பஸ் முழுக்கப் பண்டிகைக்குச் சுற்றுலா போகிற குடும்பங்கள். ஒரு பெண் பார்த்துச் சிரித்து, "உல்லாசமா பாட்டி?" என்றாள். ஆமாம், டயர் பார்க்கப் போகிறேன் என்றேன்.

ஹம்தானுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னேன். டியூபை விடாமலே கேட்டார்.

"என்னம்மா, விற்பனையில எதாவது தகராறா?"

"தகராறு இல்ல முதலாளி. உங்க சரக்குல ஒண்ணு எனக்கு ஒரு நாள் இரவல் வேணும். அனுமதி கேட்க வந்தேன்."

அவர் டியூபைக் கைவிட்டுவிட்டார். அது துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"என்ன சொன்னீங்க?"

"யோம்தோவ் கடைப் பின் அறை. எட்டு நாள் உங்களோடது. அதுல ஒரு புத்தகம் இருக்கு."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டார். தான் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவர் முகம் யோசித்தது.

"பதினோரு வருஷமா ஹாகாம் கூப்பிட்டு அனுப்பறார். போறேன். கையெழுத்துப் போடறேன். ஒவ்வொரு வாட்டியும் பொருளைத் தூக்கணும், கை குடுக்கணும், எல்லாம் செய்யறேன். பண்டிகை முடிஞ்சா உங்க ஆளுங்க என்னைப் பார்த்து, என்ன ஹம்தான், எங்க பீரையெல்லாம் குடிச்சிட்டியான்னு கேலி பண்ணுவாங்க. நானும் சிரிப்பேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட வந்து, முதலாளி, ஒரு பாட்டில் எடுத்துக்கட்டுமான்னு கேட்டதில்லம்மா."

"கேட்டிருக்கணும்."

"அது என்ன புத்தகம்?"

"பழக் காம்பைப் பத்தினது."

"காம்பைப் பத்தியா? எவ்வளவு தடி?"

மூன்று விரல் காட்டினேன். அவர் இப்போது நிஜமாகவே சிரித்தார். கடைக்குப் பின்னால் அவருடைய அத்தி மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. "எனக்கு நாப்பது மரம் இருக்கு. காம்பைப் பத்தி நான் நாலு வார்த்தை சொல்வேன். பறிச்சா பால் வடியும், கை அரிக்கும். அவ்வளவுதான். மூணு விரல் தடிக்கு என்ன எழுதுவாங்க?"

நான் சொன்னேன். மெர்காடோ, போன கண், கையில் வைத்த அத்திப்பழம், பன்னிரண்டு பத்தி, நூல். வியாபாரி வரப்போவதையும் சொன்னேன். மறைத்து இரவல் வாங்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஹம்தான் கையைக் கழுவினார். கடையைப் பூட்டினார். "வாங்க, என் சொத்தைப் பார்த்துட்டு வரலாம்" என்று தன் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தார்.

வழியில் ஹாகாமையும் ஏற்றிக்கொண்டோம். மூன்று பேரும் கடைக்குள் நுழைந்தபோது யோம்தோவ் கல்லாவை விட்டு எழுந்து பின் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றான்.

"சாவி குடு" என்றார் ஹாகாம்.

"எதுக்கு?"

"முதலாளி வந்திருக்கார். அவர் கேட்டா சாவி குடுக்கணும்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க."

"ஹாகாம், விளையாடாதீங்க. இது ஒரு சம்பிரதாயம். ஊருக்கே தெரியும். நிஜமாவா வித்தோம்?"

கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பொறுக்குவதை நிறுத்தினார்கள். ஹாகாம் விதால் அவன் பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"நிஜமா விக்கலையா? சரி. அப்போ இந்தப் பண்டிகை முழுக்க இருபது மூட்டை மாவு உன் சொத்தா இருந்திருக்கு. அப்படி இருந்த மாவை யூதன் எவனும் எப்பவும் தொடக் கூடாது. விக்கக் கூடாது, தானம் பண்ணக் கூடாது. எரிக்கணும். பீரைச் சாக்கடையில கொட்டணும். சொல்லு. வித்தியா, இல்லையா? எதைச் சொன்னாலும் இந்த ரெண்டு அம்மாவும் சாட்சி."

யோம்தோவின் கழுத்து சிவந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"வித்தேன்" என்று சொல்லிச் சாவியை நீட்டினான்.

ஹம்தான் கதவைத் திறந்தார். மூட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு பீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நான் குடிக்கறதில்ல, பயப்படாதே" என்று யோம்தோவிடம் சொன்னார். மக்ரோனிப் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தான் புத்தகத்தை. ஹம்தான் அதைத் தெருவுக்கு எடுத்துப் போய்ப் பக்கம் பக்கமாக விரித்து உதறினார். மெர்காடோ தின்ற எள் பிஸ்கட் கல்தரையில் உதிர்ந்தது. ஒரு வருடமாக நான் அழாத அழுகை அந்தத் தூளைப் பார்த்ததும் வந்துவிட்டது. ஹம்தான் வேண்டுமென்றே மெதுவாக உதறிக்கொண்டிருந்தார்.

நூல் விழவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

உள்ளே வந்து புத்தகத்தை ஒரு மரப்பெட்டி மேல் வைத்தார். "ஹாகாம், ஒரு சந்தேகம். என் சொத்தை நான் யாருக்கு வேணாலும் குடுக்கலாமா?"

ஹாகாம் வாயைத் திறப்பதற்குள் யோம்தோவ், "இரவல்தானே கேட்டாங்க?" என்றான்.

"நான் உன்னைக் கேக்கலியே தம்பி."

"குடுக்கலாம்" என்றார் ஹாகாம்.

"அப்போ இது இந்த அம்மாவுக்கு. இரவல் இல்ல, சும்மாவே. மத்ததெல்லாம் எட்டாம் நாள் நீங்க திருப்பி வாங்கிக்குங்க." என் பக்கம் திரும்பினார். "தூக்குங்கம்மா. கையில தூக்கினாத்தான் சொத்துன்னு பதினோரு வருஷமா ஹாகாம் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கார்."

இரவல் கேட்கத்தான் போனேன். சத்தியமாக அதற்கு மேல் என் மனதில் இல்லை. ஆனால் தூக்குங்கள் என்று அவர் சொன்னபோது எனக்குத் தயக்கம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கையாலும் தூக்கினேன்.

பிறகு முதல் தாளைத் திறந்து அவரிடம் காட்டினேன். "இது வெச்சிருந்தவங்க பேரு. உங்க பேரையும் எழுதுங்க."

"என் பேரா? இதுலயா?"

"மூணு நாளா உங்களோடது. இல்லாத பேரை எழுதினா பொய். இருக்கற பேரை எழுதாம விட்டாலும் பொய்தான்."

அவர் ஹாகாமைப் பார்த்தார். ஹாகாம் கூரையைப் பார்த்தார். ஹம்தான் சட்டைப் பையிலிருந்து நீல பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். "சித்தி, பேனா வேண்டாம்" என்றான் யோம்தோவ். அதற்குள் மெர்காடோவின் பெயருக்குக் கீழே அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக, நிதானமாக, தகப்பன் பெயர் ஊர்ப் பெயரோடு அவர் எழுதி முடித்துவிட்டார்.

நான் எழுதவில்லை. பண்டிகையின் நடு நாட்களில் நாங்கள் அவசியம் இல்லாமல் எழுதுவதில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

மறுநாள் திதி. மாலையில் படிப்புக்கூடத்தில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது ஆண்கள். பத்து பேர் இல்லாமல் கதீஷ் கிடையாது. பண்டிகைக்கு எல்லோரும் கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஹாகாம் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு யோம்தோவின் கடைக்குப் போனேன்.

"ஒரு ஆள் குறையுது. வா."

"புத்தகத்தைத் திருப்பிக் குடுங்க, வரேன்."

"குடுக்க மாட்டேன். வா."

"அந்த வியாபாரிக்கு நான் என்ன பதில் சொல்றது சித்தி? வாக்கு குடுத்துட்டேன்."

"எனக்கும் ஒருத்தர் வாக்கு குடுத்திருக்கார், நாளைக்கு முடிக்கலாம்னு. அந்த நாளை இன்னிக்குத்தான் வந்திருக்கு. உன்னைத் தூக்கி வளர்த்தவருக்குக் கதீஷ் சொல்ல வேற ஆள் தேடணுமா நான்? கடையை மூடு."

அவன் ரொம்ப நேரம் எதிர்த்தான் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். எதிர்க்கவில்லை. இரும்புக் கதவை இழுத்துவிட்டு எனக்கு முன்னால் நடந்தான்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நான் ஒருத்திதான். மடியில் ஒரு காய்ந்த அத்திப்பழம் வைத்திருந்தேன். ஹாகாம் நூல் இருந்த பக்கத்தைத் திறந்தார். ஆளுக்கு ஒரு பத்தி, மிஷ்னாவைப் படித்து, சலோனிக்காக்காரரையும் படித்தார்கள். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. காம்பு என்று வந்தபோதெல்லாம் காம்பைத் தடவினேன். பன்னிரண்டாவது பத்தியை ஹாகாம் யோம்தோவின் முன்னால் தள்ளினார். அவன் அந்தப் பழைய அச்செழுத்தில் தடுக்கித் தடுக்கிப் படித்தான். ஒரு வரியில் நின்றுவிட்டான்.

"இங்க ஓட்டை ஹாகாம். எழுத்து இல்ல."

"புழு படிச்ச இடம். தாண்டிப் போ" என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து.

ஆண்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் மெர்காடோவின் அந்தச் சிரிப்புத் தெரியும். யோம்தோவும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அவன் குரல் உடைந்தது. கடைசி வரியை முடித்து எழுந்து நின்று சித்தப்பாவின் பெயர் சொல்லிக் கதீஷ் சொன்னான். பத்து பேரும் ஆமென் என்றார்கள். நான் பதினோராவதாகச் சொன்னேன். பிறகு அந்த அத்திப்பழத்தைக் காம்போடு தின்றேன்.

பண்டிகை முடிந்த மறுநாள் காலை, காப்பி போடுவதற்கு முன்னால், மேசையில் உட்கார்ந்து ஹம்தான் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். பத்து மணிக்கு யோம்தோவ் வியாபாரியோடு வந்தான். கூட்டி வருவதைத் தவிர அவனுக்கு வழி இல்லை, பாவம். வியாபாரி நல்ல கோட்டு போட்ட, மரியாதையான ஆள். கையுறை மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். தாளை மோந்து பார்த்தார். புழு ஓட்டையைக்கூடப் பிரியமாகப் பார்த்தார். பிறகு முதல் தாளைத் திருப்பினார்.

ஏழு பெயரையும் விரலால் தொடாமல் எண்ணினார். எட்டாவதில் நின்றார். ஒன்பதாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னம்மா? பால்பாயிண்டா?"

"ஆமா. நீலம்."

"யார் எழுதினது?"

"மேல இருக்கறது இதுக்கு முன்னாடி இருந்த முதலாளி. கீழ இருக்கறது நான்."

"அம்மா, இருநூறு வருஷத்துத் தாள் இது. இப்படி ஒரு தாளோட என்னால இதை எங்கயும் விக்க முடியாது. தெரியாம பண்ணிட்டீங்க."

யோம்தோவ் என்னைப் பார்த்தான். அன்றைக்குக் கடையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் என்ன சொன்னான் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது என்று நினைக்கிறேன்.

"தெரியாம இல்லீங்க" என்றேன். "இவன்தான் சொன்னான், ஒரு பொட்டு மை போதும்னு. பொட்டு போதுமோ போதாதோன்னு நான் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்."

வியாபாரி காப்பி குடித்துவிட்டுப் போனார். யோம்தோவ் போகவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி முதல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெர்காடோ, ஹம்தான், பலோம்பா. என் பெயருக்குக் கீழே இரண்டு விரல் அளவு இடம் இருக்கிறது.

"இங்க இன்னும் ஒரு பேர் எழுதலாம் போல" என்றான், யாரிடமோ சொல்வது போல.

அத்தி நூலை எடுத்து முதல் பக்கத்தில் வைத்தேன்.

"எழுதலாம். முதல்ல தடுக்காம படி."